வாழும் நாட்டை அறிவோம்: அணை இருந்தும் வெள்ளம் ஏன்?

வங்கத்தில் குடியேறிய நம் அன்பர்கள், “அணையைத் திறந்தார்கள், ஊர் மூழ்கிற்று” என மழைக்காலத்தில் கேட்பதுண்டு. அதன் காரணத்தை அறிதல் நன்று.

1943-ஆம் ஆண்டு தாமோதர் நதியின் வெள்ளம் கல்கத்தாவின் இரயில் தொடர்பைத் துண்டித்தது. அதன் பயனாக 1948-ல் தாமோதர் பள்ளத்தாக்குக் கழகம் தோன்றிற்று. அமெரிக்கப் பொறியாளர் வூர்டுயின் வகுத்த திட்டத்தில் எட்டு அணைகள். கழகம் கட்டியவையோ திலையா (1953), கோனார் (1955), மைத்தான் (1957), பாஞ்செட் (1959) என நான்கே. வெள்ளநீர் தேங்குதற்குரிய நிலமும் முழுமையாகக் கையகப்படுத்தப்படவில்லை, வண்டலும் படிந்துவருகிறது.

1978-ஆம் ஆண்டுப் பெருமழையில் அணைகள் வெள்ளத்தைப் பெரிதும் தணித்தன. ஆயினும் கீழ்ப்பகுதி மூழ்கிற்று. அணை வெள்ளத்தைக் குறைக்கும், ஒழிக்காது. ஆகவே தாழ்நிலத்தில் மனை வாங்குமுன், ஆற்றுநீர் ஏறிய எல்லையை ஊர் முதியோரிடம் கேட்டறிவீர்களாக.