ஊதுகிற சங்கை ஊதிவைக்கும் உலாவிகள்

ஆண்ட்ராய்டு கைப்பேசியின் குரோம் உலாவியில் செயலியை நிறுவ உதவும் ஒரு ஏபிகே கோப்பைப் பதிவிறக்கப் போனால், இது தீங்கானதாக இருக்கலாம் என்று எச்சரிக்கை வந்து வழிமறிக்கும். கோப்பின் உள்ளே ஏதோ கண்டுபிடித்துவிட்டதால் வருவதல்ல அது. பெயரின் வாலைப் பார்த்ததுமே வருவது. வங்கிக் கணக்கைத் துடைத்தெடுக்கும் போலிச் செயலிக்கும், ஒருவர் உழைத்து உருவாக்கித் தம் தளத்தில் வைத்திருக்கும் நல்ல செயலிக்கும் ஒரே வாசகம்தான். விண்டோஸின் ஸ்மார்ட்ஸ்கிரீன் என்ற பாதுகாப்பு வசதி இன்னும் கொஞ்சம் யோசிக்கிறது: நிரலில் மின்கையொப்பம் இருக்கிறதா, இதுவரை எத்தனை பேர் இறக்கியிருக்கிறார்கள் என்றெல்லாம் பார்க்கிறது. ஆனால் காசு கொடுத்துச் சான்றிதழ் வாங்க வழியில்லாத தன்னார்வலர்கள், சில நூறு பேருக்காக ஒரு தமிழ்த் தட்டச்சுக் கருவி செய்தால், அதுவும் சந்தேகப் பட்டியலில்தான் சேரும். பலருக்குத் தெரியாதது என்பதே குற்றமாகிவிடுகிறது.

இந்தத் தொல்லையைப் பற்றிப் பேசினால், மக்கள் எதையும் படிப்பதில்லை, எல்லாவற்றுக்கும் ‘சரி’ என்று அழுத்திவிடுகிறார்கள் என்று பழி அவர்கள் பக்கமே திரும்பும். தேவதத்த அகாவே, ஏட்ரியன் போர்ட்டர் ஃபெல்ட் இருவரும் 2013-இல் வெளியிட்ட ஆய்வு அப்படிச் சொல்லவில்லை. குரோம், ஃபயர்பாக்ஸ் உலாவிகளில் தோன்றிய இரண்டரைக் கோடிக்கும் அதிகமான எச்சரிக்கைகளை அவர்கள் ஆராய்ந்தார்கள். தீநிரல், மோசடித் தளங்கள் பற்றிய எச்சரிக்கையை மீறிப் போனது ஃபயர்பாக்ஸில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு, குரோமில் கால் பங்கு. இணைப்பின் பாதுகாப்புச் சான்றிதழ் பற்றிய எச்சரிக்கையிலோ ஃபயர்பாக்ஸில் மூன்றில் ஒரு பங்குதான் மீறல். குரோமில் சுமார் 70 விழுக்காடு. இவை தளங்களுக்குள் நுழையும்போது வந்த எச்சரிக்கைகள், பதிவிறக்கத்தின்போது வந்தவை அல்ல. இரண்டு உலாவிகளின் பயனர்களும் ஒரே மாதிரியானவர்கள் என்று சொல்லிவிட முடியாது. இருந்தாலும், மனிதர்கள் பிறவியிலேயே அலட்சியக்காரர்கள் என்றால் இவ்வளவு ஏற்ற இறக்கம் எங்கிருந்து வரும்? எச்சரிக்கை எப்படிச் சொல்லப்படுகிறது, எத்தனை முறை சொல்லப்படுகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

நூறு பேருக்கு வீண் தொல்லை கொடுத்தாலும் ஒருவரைக் காப்பாற்றினால் போதாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அந்த நூறு வீண் தொல்லைகளே காப்பாற்றப்பட வேண்டிய அந்த ஒருவரையும் பழக்கிக் கெடுத்துவிடுகின்றன. அமெரிக்காவின் பிரிகம் யங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015-இல் மூளை ஸ்கேன் எடுத்துப் பார்த்தபோது, ஒரே எச்சரிக்கையை இரண்டாம் முறை காட்டியதுமே அதைக் கவனிக்கும் மூளைச் செயல்பாடு சட்டென்று குறைந்தது தெரிந்தது. இரண்டாம் முறைக்கே இந்தக் கதி. ஊதுகிற சங்கை ஊதிவைப்போம், விடிகிறபோது விடியட்டும் என்ற கணக்கில் எழுதப்படும் வாசகம் நிறுவனத்தின் பொறுப்பைக் கழிக்க உதவலாம். எங்கோ அவசரத்தில் இருப்பவருக்கு உதவாது.

அப்படியானால் எச்சரிக்கையை அடியோடு அணைத்துவைக்க வழி கொடுங்கள் என்பவர்களோடும் உடன்பட முடியவில்லை. போக்குவரத்து அபராதச் சீட்டு, திருமண அழைப்பிதழ் என்ற பெயர்களில் வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே கோப்புகள், நிறுவியதும் குறுஞ்செய்திகளைப் படித்து ஓடிபியைத் திருடுவதை நம் ஊர்க் காவல்துறையினர் திரும்பத் திரும்பச் சொல்லிவருகிறார்கள். அங்கே கைப்பேசி காட்டும் எச்சரிக்கை முழு உண்மை. ஆனால் பொய்யாக அடித்த மணியும் இதே ஓசையில்தான் அடித்திருக்கிறது. ‘இந்தக் கோப்பைப் பற்றி எங்களுக்கு ஒன்றும் தெரியாது’ என்பது வேறு, ‘இதில் திருட்டு நிரல் இருப்பதைக் கண்டோம்’ என்பது வேறு. இரண்டும் தனித்தனியே, காரணத்தோடு, நல்ல தமிழில் வர வேண்டும். குரோம் 2024-இல் கணினிப் பதிவிறக்கங்களைச் ‘சந்தேகத்துக்குரியது’, ‘ஆபத்தானது’ என்று இரண்டாகப் பிரித்தது இந்தத் திசையில் வைத்த அடி, தாமதம்தான் என்றாலும். கோப்புகளை வழங்குகிறவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. கையொப்பமிட்ட கோப்பைத் தரச் சோம்பி, ‘எச்சரிக்கை வந்தால் பொருட்படுத்தாமல் தொடரவும்’ என்று உதவிப் பக்கத்தில் எழுதிவைக்கும் தளங்கள், மோசடிக்காரர் தொலைபேசியில் சொல்லப்போகும் அதே வாக்கியத்தை முன்கூட்டியே நம் காதில் பழக்கிவிடுகின்றன.