ஐயாயிரம் வருடப் பண்டிகையா? குழந்தைகளிடம் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள்

ஜூன் 21 வாக்கில் தென் இங்கிலாந்தில் காலை ஐந்து மணிக்கு முன்பே சூரியன் உதித்துவிடும். அதைப் பார்க்க ஸ்டோன்ஹெஞ்ச் கற்களைச் சுற்றி ராத்திரி முழுக்க ஆயிரக்கணக்கானோர் காத்திருப்பார்கள். தலையில் பூவளையம் சரிய, அப்பாவின் தோளில் அரைத்தூக்கத்தில் உட்கார்ந்திருக்கும் குழந்தைகளும் அந்தக் கூட்டத்தில் உண்டு. வருடத்தின் நீண்ட பகல் அன்றுதான்.

வந்தவர்களில் பலர் வேடிக்கை பார்ப்பவர்கள். சிலருக்கு மட்டும் அது மதப் பண்டிகை. பேகன்கள் என்று தங்களைச் சொல்லிக்கொள்கிறார்கள் (மயிலுக்குப் போர்வை கொடுத்த வள்ளலுக்கும் இவர்களுக்கும் சம்பந்தமில்லை!). கிறிஸ்தவத்துக்கு முந்தைய வழிபாடுகளை மீட்க விரும்புகிறவர்கள். 2021 கணக்கெடுப்பில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சேர்த்து சுமார் 74 ஆயிரம் பேர் தங்கள் மதம் இதுவென்று எழுதினார்கள்.

குழந்தை என்றால் கேள்வி கேட்கும். "நாம ஏம்மா இதைக் கொண்டாடுறோம்?" பல வீடுகளில் கிடைக்கும் பதில்: "நம்ம முன்னோர்கள் ஐயாயிரம் வருஷமா இப்படித்தான் கொண்டாடினாங்க."

சிக்கல் இந்தப் பதிலில்தான் இருக்கிறது.

பெருங்கற்கள் கி.மு. 2500 வாக்கில் நின்றன. கோடைச் சூரியன் உதிக்கும் திசையைப் பார்த்தே நின்றன. அதுவரை உண்மை. ஆனால் அங்கே என்ன சடங்கு நடந்தது என்பதற்கு ஒரு வரி எழுத்துகூட இல்லை. அதே அச்சின் எதிர்ப்பக்கம் குளிர்காலச் சூரியன் மறையும் திசை. பக்கத்து டரிங்டன் வால்ஸ் குடியிருப்பில் கிடைத்த பன்றி எலும்புகளில் பல, சுமார் ஒன்பது மாத வயதில் வெட்டப்பட்டவற்றின் எலும்புகள். வசந்தத்தில் பிறந்த குட்டிக்கு ஒன்பது மாதம் என்றால் டிசம்பர். ஆக, பெரிய விருந்து குளிர்காலத்தில்தான் நடந்திருக்கும் என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். பண்டிகைக்கு இன்று வழங்கும் 'லிதா' என்ற பெயரோ, 1974இல் ஏடன் கெல்லி என்ற அமெரிக்கர் வைத்தது. எட்டாம் நூற்றாண்டுத் துறவி பீட் எழுதிய நூலில் ஜூன், ஜூலை மாதங்களுக்கு இருந்த பழைய பெயரை எடுத்துச் சூட்டினார். அவ்வளவுதான்.

பெரியவர்களுக்கு இது சின்ன விஷயம். குழந்தைக்கு அப்படியில்லை. வகுப்பில் அந்த மதத்துக்கு அந்தப் பிள்ளை ஒன்றுதான் இருக்கும். பெருமையாக ஐயாயிரம் வருடக் கதையைச் சொல்லும். இன்னொரு பையன் அடுத்த நாளே புத்தகத்தைக் கொண்டுவந்து காட்டுவான். அன்றைக்கு உடைவது ஒரு தேதி மட்டுமா? அம்மா சொன்ன மற்றதெல்லாமும் சேர்ந்தே ஆட்டம் காணும்.

"ஐந்து வயசுக்கு ஆராய்ச்சிக் கட்டுரையா வாசிக்க முடியும்? கதைதானே" என்பார்கள். தாராளமாகக் கதை சொல்லுங்கள். 'ஒரு ஊர்ல ஒரு ராஜா' என்று ஆரம்பித்தால் அது கதை என்று எந்தக் குழந்தைக்கும் தெரியும். 'நம்ம தாத்தாவோட தாத்தா செஞ்சது' என்றால் அது கதையில்லை, சாட்சி. இரண்டையும் குழப்பக்கூடாது.

இத்தனைக்கும் உண்மையில் ஒன்றும் பஞ்சமில்லை. ஜூன் 23 இரவு, புனித யோவான் திருநாளுக்கு முந்தைய ராத்திரியில், பையன்கள் எலும்பும் குப்பையும் சேர்த்துக் கொளுத்தியதையும் சக்கரம் உருட்டியதையும் 13ஆம் நூற்றாண்டிலேயே ஒரு ஆங்கிலேயத் துறவி எழுதி வைத்திருக்கிறார். கிளாமோர்கனில் வைக்கோல் சுற்றிய சக்கரத்துக்குத் தீ வைத்து மலைச்சரிவில் உருட்டுவார்கள். அணையாமல் அடிவாரம் சேர்ந்தால் நல்ல விளைச்சல் என்று நம்பிக்கை. (எந்தப் பிள்ளைக்குத்தான் இது பிடிக்காது!) கார்ன்வாலில் நின்றுபோயிருந்த மலைத் தீயை 1929இல் அங்குள்ள சங்கங்கள் மறுபடி ஏற்றின. மறுபடி ஏற்றியது என்று ஒளிக்காமல் சொல்கிறார்கள். அதனால் தீ ஒன்றும் மங்கிவிடவில்லை.

அதைவிடப் பழையது சூரியன். அதற்கு யாருடைய சான்றிதழும் வேண்டாம். லண்டனில் இருக்கும் குடும்பம் அன்று நடுப்பகலில் (கோடை நேரம் என்பதால் கடிகாரத்தில் மதியம் ஒரு மணி) தோட்டத்தில் ஒரு மீட்டர் குச்சியை நட்டுப் பார்க்கலாம். நிழல் 53 சென்டிமீட்டர்தான் இருக்கும். நிழலின் நுனியில் குழந்தையே ஒரு கல்லை வைக்கட்டும். ராத்திரி ஒன்பதரை வரை வெளிச்சம் போகாது. அன்று ஒரு நாள் தூங்கச் சொல்லாமல் விடலாம். சின்னதாகத் தீ மூட்டி, "இதை உன் அப்பாவும் நானும் பத்து வருஷமாச் செய்யறோம், உனக்குப் பிடிச்சா நீயும் செய்" என்று சொன்னால் போதும். பத்து வருடம் குழந்தைக்கு யுகம்.

குச்சியை மட்டும் தூக்கிப் போட்டுவிடாமல் டிசம்பர் 21 வரை வைத்திருக்க வேண்டும். அன்று அதே இடத்தில் நடுப்பகலில் நட்டால் நிழல் மூன்றரை மீட்டரையும் தாண்டும். பல தோட்டங்களில் அதற்கு இடமே போதாது, நிழல் பக்கத்து வீட்டு வேலியில் ஏறிவிடும்.