பால் பல்தானே?

எதிர் வீட்டுப் பெண் சென்ற மாதம் ஒரு சாயங்காலம் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். பையனுக்கு இரண்டே கால் வயது. நான் நீட்டிய ஆப்பிள் துண்டை ஆவலோடு வாங்கிக் கடித்தான். மறுகணமே துப்பிவிட்டு வீல் என்று அழுதான். மெதுவாக அவன் மேல் உதட்டைத் தூக்கிப் பார்த்தேன். முன் பற்கள் நான்கும் ஈறோரம் பழுப்பேறியிருந்தன. ஒன்று பாதி கரைந்தே போயிருந்தது. கீழ்ப் பற்களோ முல்லை அரும்பு போலப் பளிச்சென்று இருந்தன.

"ராத்திரி பால் புட்டியை வாயில் வைத்துக்கொண்டேதான் தூங்குவானா?" என்று கேட்டேன்.

"உங்களுக்கு யார் சொன்னது, மாமி?" என்று திகைத்துப் போனாள்.

யாரும் சொல்லவில்லை, அந்தப் பற்களே சொல்லிவிட்டன. புட்டியைச் சப்பும்போது குழந்தையின் நாக்கு கீழ்ப் பற்களைப் போர்வை போல மூடிக்கொள்கிறது. நாக்குக்கு அடியில் சுரக்கும் உமிழ்நீரும் அவற்றைக் கழுவிக்கொண்டே இருக்கிறது. மேல் முன் பற்களுக்கு அந்தக் காவல் கிடையாது. தூக்கத்தில் உமிழ்நீர் சுரப்பதும் குறைந்துவிடும். சர்க்கரை போட்ட பால் அங்கேயே தேங்கி நிற்கிறது. வாயிலுள்ள கிருமிகள் சர்க்கரையைத் தின்று அமிலத்தை உண்டாக்குகின்றன; அமிலம் பல்லின் மேல்பூச்சை அரிக்கிறது. பால் பல்லில் அந்தப் பூச்சு மிக மெல்லியது. எலியாஸ் ஃபாஸ் என்பவர் 1962-லேயே இந்தப் புட்டிச் சொத்தையைப் பற்றி எழுதியிருக்கிறார். 'பூச்சிப் பல்' என்று நாம் சொல்கிறோமே தவிர, உள்ளே நெளிகிற பூச்சி எதுவும் இல்லை. பூச்சி எடுத்துக் காட்டுகிறேன் என்று யாராவது வந்தால், வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

"கறை பட்டிருப்பதை இரண்டு மாதம் முன்பே பார்த்தேன், மாமி. பால் பல்தானே, விழுந்து முளைத்துவிடும் என்று வீட்டில் எல்லோரும் சொன்னார்கள்" என்றாள்.

சகோதரிகளே, எத்தனை வீடுகளில் இந்த 'பால் பல்தானே' என்ற பேச்சு குழந்தைகளை அழ வைத்திருக்கிறது, தெரியுமா? முன் பற்கள் ஆறு ஏழு வயதில் விழுந்துவிடும் என்பது வாஸ்தவம். ஆனால் பின்னாலுள்ள கடைவாய்ப் பால் பற்கள் பத்து, பன்னிரண்டு வயது வரை இருந்தாக வேண்டும். இரண்டு வயதில் சொத்தை விழுந்தால், எட்டு ஒன்பது வருஷம் குழந்தை எதை வைத்துச் சோறு மெல்லும்? பால் பல்லின் வேருக்கு அடியிலேதான் நிரந்தரப் பல் உருவாகிக்கொண்டிருக்கிறது. மேலே சீழ் பிடித்தால் கீழே உள்ளதற்கும் ஆபத்து. சீக்கிரமே பிடுங்கிவிட்டாலோ, பக்கத்துப் பற்கள் அந்த இடத்தை அடைத்துக்கொள்ள, புதுப் பல் வழி தெரியாமல் கோணலாக முளைக்கும். அது போகட்டும், வலிக்கிறது என்று சொல்லத் தெரியாத குழந்தை சாப்பாட்டை ஒதுக்கும், ராத்திரி சிணுங்கும், இளைக்கும். நாம் திருஷ்டி சுற்றிப் போட்டுக்கொண்டிருப்போம்!

அந்தப் பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது. "நான்தான் கெடுத்துவிட்டேனா, மாமி?" என்றாள். பகலெல்லாம் ஆபீஸ், வந்தால் அடுப்படி, ராத்திரி மூன்று தடவை விழிக்கும் குழந்தை. புட்டியைக் கொடுத்தால் அவன் தூங்குகிறான், அவளும் தூங்கலாம். அவளைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. புட்டியைக் கழுவும் முறையைச் சொல்லிக்கொடுத்தவர்கள், அதை எப்போது நிறுத்துவது என்று சொல்லவில்லையே!

ஒரு வயது முடிந்ததும் டம்ளருக்குப் பழக்கி, ஒன்றரை வயதுக்குள் புட்டியை விட்டுவிட வேண்டும். இவள் முதலில் பாலில் சர்க்கரையை நிறுத்தினாள். பிறகு இரண்டு நாளுக்கு ஒரு முறை ராத்திரிப் புட்டியில் மட்டும் தண்ணீரைக் கூட்டிக்கொண்டே போனாள். பகலில் சாப்பாடும் பாலும் வழக்கம் போல. பத்து நாளில் புட்டியில் வெறும் தண்ணீர். இரண்டு ராத்திரி ஊரைக் கூட்டினான். மூன்றாம் ராத்திரி அவனே புட்டியைத் தூக்கி எறிந்துவிட்டானாம்! தாய்ப்பால் குடிக்கும் சிசுவுக்கு இந்தக் கவலை வேண்டாம். ஒரு வயது தாண்டிய பின், இரவெல்லாம் மார்பில் வாய் வைத்தபடியே தூங்கும் பழக்கம் இருந்தால் மட்டும் கொஞ்சம் ஜாக்கிரதை.

மிட்டாயை அடியோடு ஒழியுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். தாத்தா பாட்டி இருக்கும் வீட்டில் அது நடக்காத காரியம். சுவீடனில் விபேஹோல்ம் என்ற, மனவளர்ச்சி குன்றியோருக்கான மருத்துவமனையில், 1940-களில் தொடங்கிச் சில வருஷம் அங்கிருந்தவர்களுக்கு இனிப்புக் கொடுத்துப் பார்த்தார்கள். சம்மதம் கேட்காமல் செய்தது, நினைத்தாலே மனம் சங்கடப்படுகிறது. ஆனால் அதில் தெரிந்த விஷயம் பெரிது. சாப்பாட்டோடு தின்ற சர்க்கரை அவ்வளவு கெடுதல் செய்யவில்லை. இடையிடையே தின்ற, பல்லில் ஒட்டும் டாஃபிதான் பல்லைச் சூறையாடியது. ஆகவே மிட்டாயோ பிஸ்கட்டோ, சாப்பாட்டு வேளையோடு கொடுத்து முடித்துவிடுங்கள். ரப்பர் காம்பில் தேன் தடவிக் கொடுக்கவே கூடாது. ஒரு வயதுக்குள் தேன் வேறு விதத்திலும் ஆபத்து. இனிப்பு மருந்து ஊற்றினால் பிறகு இரண்டு வாய்த் தண்ணீர் கொடுங்கள்.

முதல் பல் எட்டிப் பார்த்த அன்றே பல் தேய்ப்பதும் ஆரம்பமாக வேண்டும். மிருதுவான சிறு பிரஷ். புளோரைடு உள்ள பற்பசை, மூன்று வயது வரை ஓர் அரிசி அளவு. அதற்கு மேல் ஆறு வயது வரை ஒரு பட்டாணி அளவு. குழந்தைப் பற்பசை என்று விற்பவை சிலவற்றில் புளோரைடே இருப்பதில்லை. அட்டையைப் படித்து வாங்குங்கள். குழந்தையின் தலையை உங்கள் மடியில் சாய்த்துக்கொண்டு தேய்த்தால் உள்ளே நன்றாகத் தெரியும். காலையில் அவசரத்தில் ஒரு நாள் தவறினாலும் ராத்திரி தவறக் கூடாது. தேய்த்த பின் தண்ணீரைத் தவிர வேறு ஒன்றும் வாய்க்குள் போகக் கூடாது. ஏழு எட்டு வயது வரை நாம்தான் தேய்த்துவிட வேண்டும். தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்தில் நிலத்தடி நீரில் புளோரைடு அதிகம் என்பதால் 2013-ல் ஒகேனக்கல் குடிநீர்த் திட்டமே வந்தது. அங்கே இன்னும் கிணற்று நீர் குடிக்கும் வீட்டார் பற்பசை விஷயத்தில் டாக்டரைக் கேட்டுச் செய்வது நல்லது.

மாதம் ஒரு முறை, வெளிச்சத்தில், மேல் உதட்டைத் தூக்கிப் பாருங்கள். ஈறோரம் சுண்ணாம்பு பூசினாற்போல வெள்ளைக் கோடு தெரிகிறதா? அதுதான் சொத்தையின் முதல் அடையாளம். அந்தக் கட்டத்தில் பிடித்துவிட்டால் துளை போடாமலே, ஒழுங்காகத் தேய்ப்பதிலும் டாக்டர் பூசும் புளோரைடு வார்னிஷிலும் பல் மறுபடி கெட்டிப்படும். பழுப்பேறிக் குழி விழுந்துவிட்டால் தானாக ஆறாது. கன்னம் வீங்கினாலோ, ஈறில் கொப்புளம் கண்டாலோ, காய்ச்சல் அடித்தாலோ அன்றைக்கே டாக்டரிடம் போய்விட வேண்டும். கிராம்புத் தைலம் வேண்டாம். அது சின்னக் குழந்தையின் வாயைப் புண்ணாக்கும், விழுங்கினால் விஷம்.

எதிர் வீட்டுப் பையனுக்கு மூன்று பற்களில் சில்வர் டயமீன் புளோரைடு என்ற மருந்தைத் தடவினார்கள். ஊசி இல்லை, துளை இல்லை. அரித்தது அங்கேயே நின்றுவிடும். உலக சுகாதார நிறுவனம் 2021-ல் இதை அத்தியாவசிய மருந்துகளில் சேர்த்திருக்கிறது. ஒரே குறை, சொத்தைப் பகுதி கன்னங்கரேல் என்று ஆகிவிடும். "குழந்தை சிரித்தால் என்னவோ போல இருக்கிறதே" என்று பாட்டிக்கு இன்னும் வருத்தம். குழந்தையோ இப்போது ஆப்பிளைக் கடித்துத் தின்கிறான். பாதி கரைந்த நாலாவது பல்லுக்குத்தான் வேர் வரை சிகிச்சை; மூன்று தடவை போய்வந்தார்கள், செலவும் கொஞ்சமில்லை.

கடைசி நாளன்று டாக்டர், "உங்கள் வாயையும் காட்டுங்கள், அம்மா" என்றாராம். தாயின் வாயிலுள்ள கிருமிகள், அவள் ருசி பார்த்த ஸ்பூன் வழியாகவே குழந்தைக்குப் போகின்றனவாம். பார்த்தால் அவளுக்கும் இரண்டு கடைவாய்ப் பற்கள் சொத்தை. வலித்துக்கொண்டுதான் இருந்ததாம், நேரமில்லை என்று விட்டிருக்கிறாள். வருகிற சனிக்கிழமை போகிறாள். பையன் அதுவரை என்னிடம் இருப்பான்.