பூட்டும் கண்டனமும்

திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு 2019-இல் கிடைத்தது. மகிழ வேண்டிய செய்திதான். ஆனால் அந்தக் குறியீடு பூட்டின் ஊரைச் சொல்லுமே தவிர, உறுதியைச் சொல்லாது. இந்த வேறுபாட்டை ஒருவரும் பொருட்படுத்தாததே இக்கட்டுரைக்குக் காரணம்.

விக்கிரமசிங்கபுரம் கடைத்தெருவில் இன்று எந்த இரும்புக்கடையில் பூட்டுக் கேட்டாலும் ‘ஹை செக்யூரிட்டி’ என்ற சொல் உடன் வருகிறது. சாவியின் தட்டையான முகத்தில் நான்கு குழிகள் இருந்தால் போதும், அந்தப் பட்டம் கிடைத்துவிடும். குழி எதற்கென்று விற்பவருக்கும் தெரியாது; வாங்குபவரும் கேட்பதில்லை.

உருளைப் பூட்டின் உள்ளமைப்பு எளியது. அசையாத உறைக்குள் சுழலக்கூடிய ஓர் உருளை. இரண்டையும் ஊடுருவி ஐந்தாறு துளைகள். ஒவ்வொரு துளையிலும் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு பின்கள், மேலே ஒரு ஸ்பிரிங். சாவி இல்லாதபோது மேல் பின்கள் உறைக்கும் உருளைக்கும் குறுக்கே நின்று சுழற்சியைத் தடுக்கின்றன. சரியான சாவியின் வெட்டுகள், இரு பின்களும் சந்திக்கும் இடத்தை உருளையின் விளிம்போடு ஒரே கோட்டில் நிறுத்துகின்றன, உருளை திரும்புகிறது. பழைய எகிப்தின் மரப்பூட்டிலேயே இருந்த இந்தக் கருத்தைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் அமெரிக்காவின் யேல் தந்தையும் மகனும் உலோகத்துக்குக் கொண்டுவந்தார்கள்.

இதன் பலவீனம் கருத்தில் இல்லை, வேலைப்பாட்டில் இருக்கிறது. எந்தப் பட்டறையிலும் ஆறு துளைகளை ஒரே நேர்கோட்டில் துல்லியமாகப் போட முடியாது. உருளையை இலேசாகத் திருகிப் பிடித்தால் ஏதோ ஒரு பின் மற்றவற்றுக்கு முன் இறுகும். அதைக் கம்பியால் தூக்கினால் அடுத்தது இறுகும். திருடனுக்கு அந்த மயிரிழைப் பிசகே போதுமானது. குழிச்சாவிப் பூட்டிலும் இதே பின்கள்தான், பக்கம் மட்டுமே வேறு. வேலைப்பாடு தளர்ந்திருந்தால் குழிகள் வெறும் அலங்காரம்.

மெய்யான உயர்பாதுகாப்புப் பூட்டு இந்தப் பிசகை வைத்தே திருடனை ஏமாற்றுகிறது. அதன் பின்கள் சிலவற்றின் இடை சிறுத்திருக்கும். மில் உள்ள ஊர்க்காரர்களுக்கு நூற்கண்டுக் கட்டையின் வடிவம் என்றால் உடனே விளங்கும். கம்பிக்காரன் தூக்கும்போது உருளை சற்றே திரும்பி, திறந்துவிட்டதைப் போலப் பாவனை காட்டி, அங்கேயே சிக்கிக்கொள்ளும். 1968-இல் தொடங்கிய அமெரிக்க மெடிகோ நிறுவனம் இன்னும் ஒரு படி மேலே போயிற்று. சாவியின் வெட்டுகளைச் சாய்வாக அமைத்து, பின்கள் உயர்வதோடு குறிப்பிட்ட கோணத்துக்குத் திரும்பவும் வேண்டும் என்றாக்கியது. பின்லாந்தின் ஆப்லாய் 1907-லேயே ஸ்பிரிங்கை முற்றிலும் விலக்கி, சுழலும் வட்டத் தகடுகளை வைத்துவிட்டது. இத்தனைக்கும் பிறகு அமெரிக்காவின் யூ.எல். 437 என்னும் தரநிலை, கம்பி போட்டுத் திறக்கும் முயற்சியைப் பத்து நிமிடம் தாங்கவேண்டும் என்றுதான் கேட்கிறது. ‘திறக்கவே முடியாத பூட்டு’ என்பது கடைக்காரரின் அணியிலக்கணம்.

சாவியின் நகலை யார் எடுக்கலாம் என்ற கட்டுப்பாடு இல்லையென்றால் மேற்சொன்ன எல்லாம் வீண். ஐந்து நிமிடத்தில் அரம் போட்டுச் செய்துவிடக்கூடிய சாவிக்கு எத்தனை நுட்பமான உருளை இருந்து என்ன பயன்?

லண்டனில் ஜோசப் பிராமா 1784-இல் காப்புரிமை பெற்ற தம் பூட்டைக் கடைச் சாளரத்தில் வைத்து, திறப்பவர்க்கு இருநூறு கினி என்று அறிவித்தார். 1851-ஆம் ஆண்டுப் பெருங்கண்காட்சிக்கு வந்த ஆப்ஸ் என்னும் அமெரிக்கர், பதினாறு நாட்களில் பரவிய ஐம்பத்தோரு மணிநேர உழைப்பில் அதைத் திறந்தார். சப் கம்பெனியின் லீவர் பூட்டு அரைமணிகூடத் தாங்கவில்லை. பூட்டின் குறையைப் பகிரங்கமாகச் சொல்லலாமா என்று அன்றைக்குப் பலர் கொதித்தார்கள். 2003-இல் மாஸ்டர் சாவி அமைப்பின் ஓட்டையை மாட் பிளேஸ் எழுதி வெளியிட்டபோதும் அதே கொதிப்பு எழுந்தது.

விக்கிரமசிங்கபுரத்துக்காரர்கள் இந்தக் கொதிப்பில் சேரக்கூடாது. நம் ஊரில் பிறந்த சிவஞான முனிவர் வைத்தியநாத தேசிகரின் இலக்கண விளக்கத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்துக் குற்றம் காட்டி ‘இலக்கண விளக்கச் சூறாவளி’ எழுதியவர். கண்டனத்தால் நூல் அழிந்துவிடவில்லை. எங்கே நிற்கிறது, எங்கே நிற்கவில்லை என்பது படிப்பவருக்குத் தெரிந்தது. ஆப்ஸ் செய்ததும் அதுவே.

திண்டுக்கல் ஆசாரிகளின் கைப்பூட்டு பெரும்பாலும் லீவர் வகை. ஒவ்வொரு தகடும் சரியான உயரத்துக்கு எழவேண்டும். கூடினாலும் குறைந்தாலும் தாழ் நகராது. அலிகாரின் மலிவுச் சரக்கோடு விலையில் மோதி அது வெல்லாது, வேலைப்பாட்டில் வெல்லலாம். ஆனால் வேலைப்பாடு என்பதை வாங்குபவர் எதைக்கொண்டு அறிவது? குறியீட்டுப் பட்டயத்தைக் கொண்டல்ல. ஊர் நடுவே ஒரு பூட்டைத் தொங்கவிட்டு, பரிசு அறிவித்து, வந்து திறந்துபார் என்று கூப்பிடலாம். திறந்துவிட்டால் வியாபாரம் படுத்துவிடுமே என்பார்கள். 1851-இல் தோற்ற பிராமாவும் சப்பும் கடையை மூடிவிடவில்லை. குறையைத் திருத்தி மேலும் பல்லாண்டுகள் பூட்டு விற்றார்கள்.