திறப்பைக் கொடுக்க முன்னர்

ஆடி பிறந்தால் எங்கள் ஊர்களில் வெளிநாட்டு உறவுகள் வந்து இறங்கத் தொடங்கிவிடுவார்கள். நல்லூர்த் திருவிழா, பிள்ளைகளின் பள்ளி விடுமுறை, யாரோ ஒருவரின் கல்யாணம், அல்லது திவசம். வந்த இரண்டாம் நாளே "அக்கா, திறப்பைத் தாங்கோ, சந்திக்குப் போயிட்டு வாறன்" என்று முற்றத்தில் நிற்கும் மோட்டார் சைக்கிளில் ஏறிவிடுவார்கள். தலைக்கவசம் சுவரில் கொழுவியபடியே இருக்கும்.

தோழியரே, இம்மாதம் அந்தத் திறப்பைப் பற்றித்தான் பேசப் போகின்றேன். ஏனென்றால் அந்த மோட்டார் சைக்கிள் பெரும்பாலும் உங்கள் பெயரில் இருக்கின்றது.

வன்னியில் எனக்குத் தெரிந்த ஓர் அக்கா இருக்கிறார். கணவரை 2009 இல் இழந்தவர். தையல் வேலை செய்து இரண்டு பெண்பிள்ளைகளைப் படிப்பிக்கிறார். கனடாவில் உள்ள தம்பி அனுப்பிய பணத்தில் வாங்கிய ஸ்கூட்டிதான் அவருக்குக் கால். விடுமுறைக்கு வந்த தம்பியின் மகன் ஒருநாள் இரவு அதை எடுத்துச் சென்று, சைக்கிளில் வந்த முதியவர் ஒருவரை மோதிவிட்டான். முதியவருக்குக் கால் முறிந்தது, பையனுக்குத் தோள் எலும்பு. அவனிடம் கார் ஓட்டும் அனுமதிப்பத்திரம் மட்டுமே இருந்தது. ஸ்கூட்டி பொலிஸ் நிலையத்தில் நின்றது. வழக்கு அக்காவின் பெயரையும் சேர்த்துக்கொண்டது. முதியவரின் குடும்பத்துக்குக் கொடுப்பதற்காகத் தோடுகள் அடகுக்குப் போயின. "அவன்ர தேப்பன்ர காசிலதானே வாங்கினது, எந்த வாயால மாட்டன் எண்டு சொல்லுறது?" என்று கேட்டார். கொடை வாங்கியவர் எப்படிக் கடன்பட்டவர் ஆகிறார் என்பதைப் பல்கலைக்கழகத்தில் பக்கம் பக்கமாகப் படித்தோம். அக்கா அதை ஒரே வசனத்தில் சொல்லி முடித்துவிட்டார்.

"அவையளுக்கு அங்க இன்சூரன்ஸ் இருக்குத்தானே" என்பது எங்களிடம் உள்ள பெரிய நம்பிக்கை. அது எந்தளவுக்கு உண்மை?

கனடாவின் ஒன்ராறியோ மாகாண மருத்துவத் திட்டம் வெளிநாட்டில் ஏற்படும் அவசர சிகிச்சைக்கு மிகச் சொற்பமே தரும்: வெளிநோயாளர் சிகிச்சைக்கு நாளொன்றுக்கு ஆகக் கூடியது 50 டொலர், வைத்தியசாலையில் தங்கினால் ஆகக் கூடியது 400 டொலர். பிரித்தானியாவின் இலவச மருத்துவம் இங்கே வராது. சுவிஸில் உள்ள கட்டாயக் காப்புறுதி, ஐரோப்பாவுக்கு வெளியே அவசர சிகிச்சை என்றால் அங்கே ஆகக்கூடிய செலவின் இரு மடங்கு வரை தரும். ஆனால் படுக்கையில் வைத்து விமானத்தில் கொண்டுபோகும் செலவு வேறு கதை. ஆகவே பயணக் காப்புறுதி என்று தனியாக ஒன்றை எடுத்துக்கொண்டு வரவேண்டியிருக்கிறது.

சிலர் அதை எடுத்துக்கொண்டுதான் வருகிறார்கள். சிக்கல் அங்கேதான் தொடங்குகின்றது. மோட்டார் சைக்கிள் என்றால் அந்த ஒப்பந்தங்களில் நிபந்தனைகள் அதிகம். ஓட்டுபவரிடம் அந்த வகை வாகனத்துக்கான செல்லுபடியாகும் அனுமதிப்பத்திரம் இருக்கவேண்டும், தலைக்கவசம் அணிந்திருக்கவேண்டும், மது அருந்தியிருக்கக்கூடாது. பல ஒப்பந்தங்கள் 125 சீசீக்கு மேற்பட்ட இயந்திரத்தை ஏற்பதில்லை. எங்கள் இளைஞர்கள் விரும்பி ஓடும் 150 சீசீ மோட்டார் சைக்கிள் அதிலேயே அடிபட்டுப் போகும். ஒன்ராறியோவில் கார் ஓட்டும் 'ஜி' வகுப்பு மோட்டார் சைக்கிளுக்குச் செல்லாது; அதற்கு 'எம்' வகுப்பு வேண்டும். இங்கும் அப்படித்தான், கார் 'பி', மோட்டார் சைக்கிள் 'ஏ'. சர்வதேச அனுமதிப்பத்திரம் என்று ஒரு சிறு புத்தகத்தை நீட்டுவார்கள். அதிலும் 'ஏ' பகுதியில் முத்திரை இல்லாவிட்டால் அது கார் ஓட்டுவதற்கான புத்தகந்தான். அத்தோடு, வெளிநாட்டு அனுமதிப்பத்திரத்துக்கு இங்கே அங்கீகாரமும் பெறவேண்டும்.

இன்னொன்றைக் கவனியுங்கள். பயணக் காப்புறுதி, ஓட்டியவரின் வைத்தியத்துக்கானது. வாகனத்தால் மற்றவருக்கு ஏற்படுத்திய காயத்துக்கு அது வழக்கமாகப் பணம் தராது. அதற்கு உங்கள் வாகனத்தின் காப்புறுதிதான் முன்வரவேண்டும். இலங்கையில் சட்டம் கட்டாயப்படுத்துவது மூன்றாந்தரப்புக் காப்புறுதியை. அடிபட்டவருக்கு அது உதவும், ஓட்டியவரின் உடைந்த தோளுக்கு உதவாது. அனுமதிப்பத்திரம் இல்லாதவர் ஓட்டியிருந்தால் காப்புறுதி நிறுவனம் உங்களிடமே திரும்பி வரலாம். அப்படியானவரிடம் வாகனத்தைக் கொடுப்பது உரிமையாளர் செய்யும் குற்றமும் ஆகும். இரண்டு காப்புறுதிகளுக்கும் நடுவில் இருக்கும் பள்ளத்தில் அந்த அக்கா போல விழுபவர்கள் பெண்களே.

வெளிநாட்டில் பத்து வருடம் பிசகின்றிக் கார் ஓட்டியவர் இங்கே ஏன் தடுமாறுகிறார்? கனடாவிலும் சுவிஸிலும் வீதியின் வலப்பக்கத்தால் ஓடுகிறார்கள், நாங்கள் இடப்பக்கம். நேர்வீதியில் நினைவிருக்கும், ஒழுங்கையிலிருந்து பிரதான வீதிக்குத் திரும்பும் கணத்தில் பழைய பழக்கம் கையைப் பிடித்து இழுத்துவிடும். இரவில் கட்டாக்காலி மாடுகளும், விளக்கில்லாத சைக்கிள்களும், வீதியில் காயப்போட்ட நெல்லும் அவர்களுக்குப் பழக்கமில்லை. தலைக்கவசத்தைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. ஒழுங்காகப் பட்டி பூட்டி அணிந்தால் மரண அபாயம் ஏறத்தாழ 42 சதவீதமும் தலைக்காய அபாயம் 69 சதவீதமும் குறைவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. வெக்கை என்பார்கள். சந்திக்குத்தானே என்பார்கள். விபத்து சந்தியிலும் நடக்கும்.

மறுப்பது எப்படி என்றுதான் நீங்கள் கேட்பீர்கள். உறவை முறிக்காமல் சொல்ல ஒரு வழி உண்டு. அவர்கள் விமானம் ஏற முன்னரே தொலைபேசியில், "தம்பி, மோட்டார் சைக்கிள் ஓடுறதெண்டால் அதுக்குரிய லைசென்சும் இன்சூரன்சும் எடுத்துக்கொண்டு வாங்கோ, இல்லாட்டி இங்க ஓட்டோ பிடிப்பம்" என்று சாதாரணமாகச் சொல்லிவிடுங்கள். முற்றத்தில் வந்து நின்று கை நீட்டும்போது சொல்வதைவிட இது எவ்வளவோ சுலபம். பெரியவர்கள் முன்னிலையில் சொன்னால் இன்னும் நல்லது. காசு அனுப்பியவர் என்பதற்காக வழக்கையும் நீங்கள் ஏற்கவேண்டும் என்று எந்த உறவுமுறையிலும் இல்லை என்பது என் கருத்து.

அப்படியும் விபத்து நடந்துவிட்டால் 1990 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். அந்த அம்புலன்ஸ் சேவை இலவசம். பொலிஸ் முறைப்பாட்டின் பிரதியைக் கேட்டு வாங்குங்கள். தனியார் வைத்தியசாலைக்கு மாற்ற முன்னர் பயணக் காப்புறுதியின் 24 மணிநேர இலக்கத்துக்குத் தெரிவிக்கவேண்டும். பிந்தினால் கொடுப்பனவைக் குறைப்பார்கள். அந்த இலக்கம் பெரும்பாலும் காயப்பட்டவரின் கைத்தொலைபேசிக்குள், பூட்டுப்போட்டபடி இருக்கும். வந்த அன்றே அதைக் கேட்டு, பிள்ளைகளின் அப்பியாசக் கொப்பி ஒன்றில் எழுதி வையுங்கள்.