புதுசுக்கு மானியம், பழுதுக்கு என்ன?

விதையை நாமே எடுத்து வைக்க வேண்டும், உரத்தைத் தொழுவத்திலிருந்து எடுக்க வேண்டும், பூச்சிவிரட்டியை வீட்டுப் பானையில் ஊற வைக்க வேண்டும் என்று கூட்டத்துக்குக் கூட்டம் பேசுகிறோம். நல்ல பேச்சு. ஆனால் தண்ணீர் இறைக்கிற என்ஜின் புகை கக்க ஆரம்பித்தால் மட்டும் நம்மில் பலர் நேராக ஷோரூமுக்குப் போகிறோம். "பழசு சார், இனி தேறாது" என்று ஒருவர் சொன்னால் போதும், எடைக்குப் போட்டுவிடுகிறோம். இதுவும் வெளியிடுபொருளுக்கு அடிமையாவதுதான். என்ன, யூரியா மூட்டையாக வரவில்லை, இரும்பாக வருகிறது.

என்ஜினைப் பிரித்து, லேத் பட்டறையில் சரிசெய்து, மறுபடி கட்டுவதும் இயற்கை உழவரின் வேலைதான். அதற்குக் கடனும் மானியமும் கேட்க நமக்கு உரிமை இருக்கிறது. முப்பது வருஷத்துக்கு மேல் வங்கி மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவன் என்ற முறையிலும், இப்போது என்ஜின் கைப்பிடியைச் சுற்றுகிறவன் என்ற முறையிலும் இதைச் சொல்கிறேன்.

எங்கள் பக்கத்து நிலவரம் இதுதான். போடியிலிருந்து முந்தல் தாண்டி 17 கொண்டை ஊசி வளைவு ஏறினால் போடிமெட்டு, அதற்கு அப்பால் ஏலத்தோட்டங்கள். இந்தப் பக்கம் குரங்கணி, கொட்டகுடி சரிவுகளில் காப்பி, மிளகு, அடிவாரத்தில் மா, இலவம். கோடையில் ஏலச்செடிக்குத் தண்ணீர் காட்டியே ஆக வேண்டும். மாசியில் காயவிட்டால் அந்த வருஷக் காய்ப்பே போச்சு. ஓடையிலிருந்தோ படுதாக் குளத்திலிருந்தோ மேட்டுக்குத் தண்ணீர் ஏற்ற வேண்டும். கரண்ட் லைன் வராத சரிவில் டீசல் என்ஜினை விட்டால் நாதியில்லை. பங்குனியில் அது நின்றால் செடி நமக்காகக் காத்திருக்காது.

நம் ஊர் பழைய என்ஜின்கள் பிரித்துக் கட்டுவதற்கென்றே செய்யப்பட்டவை. இங்கிலாந்தின் லிஸ்டர் கம்பெனி 1930 வாக்கில் கொண்டுவந்த ஒற்றை சிலிண்டர் என்ஜின் நிமிடத்துக்கு 600, 650 சுற்றுதான் சுற்றும். அதே மாதிரியை ராஜ்கோட் பட்டறைகள் பல பத்தாண்டுகள் வார்த்துத் தந்தன. 1946ல் புனேயில் தொடங்கிய கிர்லோஸ்கர் ஆயில் என்ஜின்ஸின் ஏவி-1 நம் கிணற்று மேடுகளில் எல்லோருக்கும் பழக்கம்: 80 மில்லிமீட்டர் விட்டம், 110 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக், 1500 சுற்று, 5 எச்.பி. இந்த வகை என்ஜினில் தேய்கிற இடம் தேயும், மற்றது அப்படியே இருக்கும். லைனர், பிஸ்டன், ரிங்கு, பேரிங், வால்வு, நாசில் எல்லாம் தனித்தனியாகக் கிடைக்கும். கிராங்க் தேய்ந்தால் கல்லில் பிடித்து 10 தவ், 20 தவ் குறைத்து, அதே அளவு குறைந்த பேரிங்கைப் போட்டு ஓட்டலாம். (ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பாகம்தான் பட்டறைக்காரர் சொல்லும் தவ். 10 தவ் என்றால் கால் மில்லிமீட்டர்.) இன்று மலிவாக வரும் சின்ன என்ஜின்கள் பலவற்றுக்கு இந்த அளவு பேரிங்கும் கிடையாது, லைனரும் கிடையாது. தேய்ந்தால் குப்பை. வாங்கும்போதே "இதுக்கு ஓவர்சைஸ் பிஸ்டன் வருதா, அண்டர்சைஸ் பேரிங் வருதா?" என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் அது திரும்ப முளைக்காத விதை.

பட்டறைக்காரரோடு சேர்ந்து வேலை பார்க்கத் தெரிய வேண்டும். என்ஜினை இறக்கிவிட்டு "முடிஞ்சதும் போன் பண்ணுங்கண்ணே" என்று வந்துவிடுவது வேலைக்கு ஆகாது. பக்கத்தில் நின்று அளவைக் கேளுங்கள். சிலிண்டர் ஒரே சீராகத் தேயாது. பிஸ்டன் மேலே வந்து திரும்புகிற இடத்தில்தான் அதிகம் தேயும். அதனால் மேல், நடு, கீழ் என மூன்று இடத்தில், ஒவ்வொன்றிலும் கிராங்குக்கு நீளவாட்டில் ஒன்று, குறுக்கே ஒன்று என ஆறு அளவு எடுக்கச் சொல்லுங்கள். ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதுங்கள். கையால் தடவிப் பார்த்து "நல்லாத்தான் இருக்கு" என்று சொல்வது அளவு ஆகாது.

எங்கள் தோட்டத்து 5 எச்.பி. என்ஜினைப் போன ஆடியில் பிரித்தோம். மேலே 80.24, கீழே 80.05. "ரிங்கு மட்டும் போட்டா ஒரு சீசன் ஓடும் சார், அப்புறம் மறுபடி எங்கிட்டத்தான் வருவீங்க" என்றார் பட்டறைக்காரர். கோளாறான துளைக்குள் வட்டமான ரிங்கு எப்படி அடைக்கும்? லைனரும் பிஸ்டனும் மாற்றினோம், கிராங்க் 10 தவ் பிடித்தோம். நேர்மையான பட்டறைக்காரர் நமக்கு வருமானத்தைக் கொடுக்கிற ஆள். அவர் கூலியில் பேரம் பேசாதீர்கள், அவரிடம் அளவை மட்டும் கேளுங்கள்.

மனதில் வைக்க வேண்டிய வரிசை ஒன்று உண்டு. பேரிங் கைக்கு வந்த பிறகுதான் கிராங்கைக் கல்லில் வைக்க வேண்டும். போர் அடிப்பதாக இருந்தால் பிஸ்டனைக் கையில் வைத்து அளந்து அதற்கேற்ற மாதிரி அடிக்க வேண்டும். முதலில் போரை அடித்துவிட்டு அதற்குப் பிஸ்டன் தேடினால் மதுரைக்கும் கோவைக்கும் அலைய வேண்டியதுதான். ரிங்கைத் துளைக்குள் விட்டு வாய் இடைவெளியை ஃபீலர் கேஜால் பாருங்கள். விட்டம் ஓர் அங்குலத்துக்கு 3 முதல் 4 தவ் என்பது பொதுக் கணக்கு. 80 மில்லிமீட்டர் போருக்கு 10 முதல் 12 தவ் வரும். ஹோனிங் முடிந்ததும் சோப்புப் போட்ட சுடுதண்ணீரில் தேய்த்துக் கழுவி, உடனே துடைத்து ஆயில் பூசச் சொல்லுங்கள். மண்ணெண்ணெயில் மட்டும் அலசினால் கல்தூள் துளைக்குள்ளேயே தங்கி, புது ரிங்கை முதல் நாளே தின்றுவிடும். கட்டி முடித்ததும் வெறும் ஐட்லிங்கில் மணிக்கணக்காக விடாதீர்கள், ரிங்கு உட்காராது. லேசான லோடு கொடுத்து ஓட்டி, முதல் ஆயிலைச் சீக்கிரமே மாற்றிவிடுங்கள்.

மலைக்காரர்கள் இன்னொன்றும் சொல்ல வேண்டும்: என்ஜின் எந்த உயரத்தில் ஓடப்போகிறது என்பது. டர்போ இல்லாத என்ஜின் 300 மீட்டர் ஏறினால் சக்தியில் நூற்றுக்குச் சுமார் 3 இழக்கும். 1,200 மீட்டரில் 12. கீழே பட்டறையில் புகையில்லாமல் ஓடினது மேலே கறுப்பாகக் கக்கினால், காற்று குறைந்து டீசல் கூடியிருக்கிறது என்று அர்த்தம். ஏர் ஃபில்டரையும் பம்ப்பின் டீசல் அளவையும் முதலில் பாருங்கள். நீலப் புகை வந்தால்தான் ஆயில் எரிகிறது, பிரிக்க வேண்டிய சமயம். கறுப்புக்கும் நீலத்துக்கும் வித்தியாசம் தெரியாமல் நல்ல என்ஜினை எடைக்குப் போட்டவர்கள் இந்த மலையில் இருக்கிறார்கள்.

பழைய ஆயிலைப் பற்றியும் ஒரு வார்த்தை. பிரிக்கும்போது வடிக்கிற கறுப்பு ஆயிலை வாய்க்காலிலோ வேலி ஓரத்திலோ ஊற்றாதீர்கள். மண்புழுவைக் கூப்பிட்டு வளர்த்துவிட்டு அதன் தலையில் ஆயிலைக் கொட்டினால் நம் சான்றிதழுக்கு என்ன மரியாதை? கேனில் பிடித்துப் பட்டறையிலேயே கொடுத்தால் பழைய ஆயில் எடுப்பவர்களிடம் சேர்ந்துவிடும். என்ஜின் கொட்டகையை ஓடைக்கும் ஏலம் உலர்த்தும் இடத்துக்கும் தள்ளிப் போடுங்கள். ஏலக்காய் மணத்தைப் பிடிக்கிற சாமான், டீசல் வாடையையும் பிடிக்கும்.

இனி காசு விஷயம். 2014-15 முதல் நடக்கும் வேளாண் இயந்திரமயமாக்கல் துணை இயக்கத்தில் புது இயந்திரத்துக்கு 40 சதம், சிறு குறு உழவர், பெண்கள், பட்டியல் இனத்தவருக்கு 50 சதம் மானியம் என்பது எல்லோருக்கும் தெரியும். பட்டியலில் இயந்திரத்தின் பெயர் இருக்கும், விலை இருக்கும். போர் அடிக்கிற கூலி அதில் இருக்காது. வங்கியில் டெர்ம் லோன் கேட்டாலும் டீலர் கொட்டேஷன்தான் கேட்பார்கள். ஆக, 20 வருஷம் ஓடக்கூடிய இரும்பைத் தூக்கிப் போட்டால் சர்க்கார் பாதிக் காசு தரும், காப்பாற்றினால் சல்லிக் காசு தராது.

ஆனாலும் கையில் இருக்கிற ஒரு வழியை நம் ஆட்கள் பயன்படுத்துவதில்லை. உழவர் கடன் அட்டையின் 2012 திருத்த விதிகளில், பயிருக்கான தொகைக்கு மேல் 20 சதம் பண்ணைச் சொத்துகளின் பழுது, பராமரிப்புச் செலவுக்கென்று வரம்பிலேயே சேர்க்க வேண்டும். அறுவடைக்குப் பிந்தைய செலவு, வீட்டுச் செலவுக்கு இன்னொரு 10 சதம். பயிருக்கு 1,00,000 ரூபாய் என்றால் பழுதுபார்க்க 20,000, வீட்டுக்கு 10,000. வட்டி 7 சதம், தவணை தவறாமல் கட்டினால் 3 சதம் தள்ளுபடி. அடுத்த முறை அட்டையைப் புதுப்பிக்கப் போகும்போது "சார், இதுல ரிப்பேர் 20 சதம் சேர்த்திருக்கீங்களா?" என்று கேளுங்கள். சேர்க்கவில்லையென்றால் சேர்க்கச் சொல்லுங்கள். அது யாரும் போடும் பிச்சை இல்லை, திட்டத்தில் எழுதியிருப்பது.

"டீசலைக் கட்டிக்கொண்டு அழுவது இயற்கை விவசாயமா? சோலார் போடலாமே" என்று சில தோழர்கள் கேட்பார்கள். வெயில் விழுகிற சமவெளியில் போடுங்கள், நானும் கைதட்டுவேன். நிழல் மரத்தை வெட்டாமல் ஏலம் வளர்க்கிறோம், மூடுபனி வேறு. அங்கே பலகைக்கு வெயில் எங்கே கிடைக்கும்? அது முடிகிற நாள் வரை இருக்கிற என்ஜினைக் குறைந்த டீசலில், புகையில்லாமல் ஓட்டுவதே ஒழுங்கு. பிளாக் விரிசல் விட்டிருந்தால், கிராங்க் கடைசி அளவையும் தாண்டியிருந்தால் மட்டும் விட்டுவிடுங்கள். வீம்புக்குச் செலவழிக்க வேண்டாம்.

பழுதுபார்ப்பது நம் உரிமை என்ற பேச்சு உலகம் முழுக்கக் கிளம்பியிருக்கிறது. அமெரிக்காவில் கொலராடோ மாநிலம் 2023ல் சட்டம் போட்டது. உழவுக் கருவி செய்கிற கம்பெனி கையேடு, உதிரிபாகம், மென்பொருள் ஆகியவற்றை உழவருக்கும் தனிப் பட்டறைக்கும் தர வேண்டும் என்ற அந்தச் சட்டம் 2024 ஜனவரி 1 முதல் அமலில் இருக்கிறது. நம் ஒன்றிய நுகர்வோர் விவகாரத் துறையும் 2022 ஜூலையில் இதற்கென்று குழு போட்டது. முதலில் எடுத்துக்கொண்ட துறைகளில் வேளாண் கருவியும் ஒன்று. குழுவோடு நின்றுவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டியது நாம்தான்.

இயக்கத்தின் முன் மூன்று கோரிக்கைகளை வைக்கிறேன். ஒன்று, அளவுச் சீட்டும் பில்லும் கொடுத்தால் என்ஜின் மறுசீரமைப்புக்கும் புதுசுக்குத் தரும் அதே சதவீத மானியம் வேண்டும். இரண்டு, மானியத்தில் விற்கிற எந்த இயந்திரத்துக்கும் குறைந்தது 15 வருஷம் உதிரிபாகமும் தமிழில் கையேடும் தருவதாகக் கம்பெனி எழுதிக் கொடுத்தால்தான் பட்டியலில் சேர்க்க வேண்டும். மூன்று, வாடகை இயந்திர மையங்கள் ஒவ்வொன்றிலும் ஒரு மைக்ரோமீட்டர், போர் கேஜ், நாசில் டெஸ்டர் இருக்க வேண்டும். பக்கத்து ஐ.டி.ஐ.யில் டீசல் மெக்கானிக் படிக்கிற பையன்கள் அங்கே வந்து பழக வேண்டும். லேத்தில் நிற்க ஆள் இல்லாமல் போனால் மானியம் வந்தும் பிரயோசனமில்லை.

சர்க்கார் கேட்கிற வரை காத்திருக்க வேண்டாத வேலையும் இருக்கிறது. மழைக்காலத்தில், என்ஜின் சும்மா நிற்கும்போதே, அளவெடுத்து வையுங்கள். மாசியில் பட்டறை வாசலில் வரிசை நிற்கும், கூலியும் ஏறும். ஊருக்கு ஒரு நோட்டுப் போட்டு யார் என்ஜின், எந்த வருஷம், எத்தனை தவ், எந்தப் பேரிங் என்று எழுதுங்கள். பத்து வீட்டுக்கு ஒரே அளவு வேண்டுமென்றால் சேர்ந்து வாங்கலாம், விலை குறையும். விதைப் பரிமாற்றத்துக்கு நாம் போட்ட நோட்டு மாதிரிதான் இதுவும்.