போதை யாருக்குச் சாக்கு?

ஒருபுறம் பழைய மாமல்லபுரம் சாலையின் ஐ.டி. அலுவலகங்கள், மறுபுறம் கிழக்குக் கடற்கரைச் சாலையின் ரிசார்ட்டுகள். இரண்டையும் ஒட்டித் திருப்போரூர். வார இறுதி விருந்துகள் பெருகிவிட்ட இந்த வட்டாரம் தெளிவாகப் பேச வேண்டிய ஒன்று உண்டு. பாலியல் வன்முறைப் புகார்களில் மதுவை நாம் எப்படிப் பார்க்கிறோம்? ஆண் குடித்திருந்தால், 'போதையில புத்தி கெட்டுச் செஞ்சிட்டான்' என்கிறோம். பெண் குடித்திருந்தால், 'இவ எதுக்குக் குடிச்சா?' என்கிறோம்.

சட்டம் சொல்வது இதற்கு நேரெதிர். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 23, 24ஆவது பிரிவுகளின்படி, தானே விரும்பிக் குடித்தவர் போதையைக் காட்டித் தப்ப முடியாது. நிதானத்தில் இருப்பவருக்கு உள்ள அறிவு அவருக்கும் இருந்ததாகவே கொள்ளப்படும். நடப்பது என்ன, அதன் விளைவு என்ன என்று புரியாத போதையில் பெண் தரும் இசைவை 63ஆவது பிரிவு சம்மதமாக ஏற்பதில்லை. பழைய இந்திய தண்டனைச் சட்டத்திலும் இவை இருந்தன.

ஆனாலும் 2025 மார்ச்சில் அலகாபாத் உயர் நீதிமன்றத்தின் ஜாமீன் உத்தரவு ஒன்று, மதுக்கூடத்தில் குடித்த பெண் தானே ஆபத்தை வரவழைத்துக்கொண்டதாகச் சொன்னது. ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அதைக் கண்டித்தது. நீதிமன்றத்திலேயே இந்த நிலை என்றால், காவல் நிலையத்தில் அந்தப் பெண்ணுக்கு என்ன காத்திருக்கும்?

மதுவுக்குப் பங்கே இல்லை என்பதல்ல வாதம். கணவரின் குடி கூடக்கூட மனைவி மீதான வன்முறையும் கூடுவதைத் தேசியக் குடும்ப நல ஆய்வுகள் தொடர்ந்து காட்டுகின்றன. ஆனால், எவ்வளவு குடித்தாலும் மேலதிகாரியிடம் கைநீட்டாதவர் மனைவியிடம் மட்டும் கைநீட்டுகிறார் என்றால், யாரிடம் எது செல்லும் என்ற கணக்கு போதையிலும் அவருக்குத் தெரிகிறது. போதை தடையைத் தளர்த்துகிறது. துணிச்சலைத் தருவது தண்டனை வராது என்ற நம்பிக்கை.

அந்த நம்பிக்கையை உடைக்க வேண்டும். அதற்குச் சான்று வேண்டும். ஆனால், ரத்தத்தில் மது சில மணி நேரமே தங்கும். புகார் வந்த 24 மணி நேரத்துக்குள் பெண்ணை மருத்துவப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும் என்கிறது சட்டம். இதில் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். ரத்த, சிறுநீர் மாதிரிகளை அவரது ஒழுக்கத்துக்கான அளவுகோலாக அல்லாமல், சம்மதிக்கும் நிலையில் இருந்தாரா என்பதற்கான சான்றாகக் காவல் துறையும் செங்கல்பட்டு அரசு மருத்துவமனையும் கையாள வேண்டும். நிலைதடுமாறும் பெண்ணை ஒருவர் அறைக்கு அழைத்துச் சென்றால் குறுக்கிட்டுக் கேட்கும் பயிற்சியும் அதிகாரமும் ரிசார்ட் ஊழியர்களுக்கு வேண்டும். மதுக்கூட உரிமம் வழங்கும் மதுவிலக்கு, ஆயத்தீர்வைத் துறை இதை உரிம நிபந்தனையாகவே ஆக்கட்டும்.